புதுக்கோட்டை ராஜ வீதிகள்: பழைய படமும் இன்றைய தெருவும்

புதுக்கோட்டை நகரின் நடுவே பழைய அரண்மனை வளாகம் இருக்கிறது. அதைச் சுற்றிக் கீழ, மேல, வடக்கு, தெற்கு ராஜ வீதிகளும், அவற்றுக்கு வெளியே இரண்டாம், மூன்றாம், நான்காம் வீதிகளும் வரிசையாக விரிகின்றன. மதுரையில் கோயிலைச் சுற்றி அமைந்த வீதி ஒழுங்கு இங்கே அரண்மனையைச் சுற்றி அமைந்திருக்கிறது. 1807 முதல் 1825 வரை ஆண்ட மன்னர் விஜய ரகுநாத ராய தொண்டைமான் காலத்தில், தஞ்சாவூரின் பிரிட்டிஷ் ரெசிடென்ட் மேஜர் பிளாக்பர்னின் ஆலோசனையோடு இந்த அகன்ற நேர்த் தெருக்கள் வகுக்கப்பட்டன. கேமரா இவ்வூருக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெருக்கள் வந்துவிட்டன.

புதுக்கோட்டையின் மிகப் பழைய புகைப்படங்களில் சில 1858-ஐச் சேர்ந்தவை. கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியான லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக 1857 டிசம்பரில் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். மதுரை, தஞ்சாவூர் படங்களைப் போலவே புதுக்கோட்டைப் படங்களும் தனித் தொகுப்பாக வந்தன. மெழுகு ஏற்றிய காகித நெகட்டிவில் ஒரு காட்சி பதிய நெடுநேரம் வேண்டும். அதற்குள் குறுக்கே நடந்து போனவரின் உருவம் காகிதத்தில் தங்காது. அசையாமல் நின்ற தூணும் மதிலும் கல் பிசிறு வரை தெளிவாக விழும். காற்றில் ஆடிய தென்னங்கீற்று கலங்கித் தெரியும். அக்காலப் படத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்தால், ஊரில் ஆளில்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

அதன் பின் நகரின் முகம் மாறியது. 1878 முதல் 1894 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தின் திவானாக இருந்த அ. சேஷய்ய சாஸ்திரி குளங்களைச் சீரமைத்தார். பொது அலுவலகக் கட்டடம் எழுந்தது. 1929-இல் திருச்சியிலிருந்து ரயில் வந்தது. இந்தோ-சாரசனிக் பாணியில் புதிய அரண்மனையும் கட்டப்பட்டது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை தனி மாவட்டமானது. புதிய அரண்மனையில் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது. அதன் அன்றைய படத்தையும் இன்றைய படத்தையும் அருகருகே வைத்தால் கட்டடம் அதே கட்டடம்தான். வாசலில் காத்திருப்போர் கையில் மட்டும் மனுக்கள் இருக்கின்றன.

கடைவீதிப் படங்களில் மாற்றம் வேறு விதமானது. பழைய வீதி வீடுகளின் அடையாளம் ஓட்டுக்கூரை, மரத்தூண், வழிப்போக்கர் உட்காரும் திண்ணை. இன்று திண்ணை இருந்த இடத்தில் கடையின் ஷட்டர். அதற்கு மேலே பெயர்ப்பலகை. பலகையின் விளிம்புக்கு மேல் பார்வையைச் செலுத்தினால், சில கட்டடங்களில் பழைய சுண்ணாம்புச் சுதை வேலைப்பாடும் மாடிக் கைப்பிடிச் சுவரும் இன்னும் தெரியும். பழைய படத்தோடு ஒப்பிடுவதற்குப் பிடிமானம் அங்கேதான் கிடைக்கிறது. தார்ச்சாலைமேல் சாலை போட்டுத் தெரு உயர்ந்துவிட்ட இடங்களில், ஏறி நுழைந்த வாசற்படி இறங்கி நுழைவதாக மாறியிருக்கும். மரங்கள் விஷயத்தில் 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் ஓர் எல்லைக்கோடு: நிழல் நிறைந்த காட்சி பெரும்பாலும் அதற்கு முந்தையது.

சரியான ஒப்பீட்டுக்கு, பழைய படம் எடுத்தவர் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். சாந்தநாத சுவாமி கோயில், அதையடுத்த பல்லவன் குளம் போன்ற இடம் மாறாத அடையாளங்கள் இரண்டைப் பிடித்துக்கொண்டு, படத்தில் உள்ளபடி அவை ஒன்றுக்கொன்று பொருந்தும் வரை முன்னும் பின்னும் நகர வேண்டும். நிழல் விழும் திசை, படம் எடுத்த வேளையைச் சொல்லிவிடும். புதுப் படத்தின் பின்னால் நாளும் இடமும் எழுதி வைத்தால் அடுத்த தலைமுறைக்கு அதுவே பழைய படம்.

எல்லா ஊரிலும் அப்படிப் போய் நிற்க முடியாது. 1860-களில் புகைப்படக்காரர் சார்ல்ஸ் மார்வில் படம் பிடித்த பாரிஸ் தெருக்கள் பல, புதிய அகலச் சாலைகளுக்காக இடிக்கப்பட்டன. இன்று போய் நிற்க அந்தத் தெருவே இல்லை. புதுக்கோட்டையில் வீடு மாறியது, கூரை மாறியது, ஆட்சி மாறியது. 2024-இல் நகராட்சி மாநகராட்சியும் ஆனது. ஆனால் ராஜ வீதிகளின் கோடு அப்படியே இருக்கிறது. தெருவின் பழைய அகலம் எவ்வளவு, கடைப் படிகள் அதில் எவ்வளவு தூரம் முன்னே வந்துள்ளன என்பதற்கு ஊரார் கையிலுள்ள பழைய படங்கள் நல்ல சாட்சி.