கட்டிலின் கீழிருந்த பொறி

தபால் தலை சேர்ப்போர் உண்டு. பழங்காசு சேர்ப்போர் உண்டு. நாமோ விசைப்பலகைகளைச் சேர்த்தோம். பகலெல்லாம் அலுவலகத்தில் விசைகளைத் தட்டிவிட்டு வரும் எழுத்தருக்கு மாலையிலும் அவைதாமா துணை என்று நம் இல்லத்தரசியார் கேட்டதுண்டு. விடை சொல்லத் தெரியாமல் நாம் சிரித்ததும் உண்டு.

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் நமக்கு வாய்த்தது இரண்டே அறைகள் கொண்ட அரசுக் குடியிருப்பு. அதன் முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி வைத்தோம். மேல்தட்டில் கையில் தூக்கிச் செல்லத்தக்க சிறிய ரெமிங்டன். நடுத்தட்டில், கழித்துவிடப்பட்ட பொருள்களின் ஏலத்தில் எடுத்த கோத்ரெஜ். 1955-இல் பிறந்த அந்த இந்தியப் பொறியின் உற்பத்தி 2009-இல் நின்றுபோயிற்று. கீழ்த்தட்டில், நேரு பிளேஸில் பழைய சாமான் விற்பவரிடம் வாங்கிய ஐ.பி.எம். கணினி விசைப்பலகை, 1985-இல் வெளிவந்த வகையைச் சேர்ந்தது. ஒவ்வொரு விசையின் அடியிலும் ஒரு சுருள்வில் மடங்கி, 'டக்' என்று பதில் சொல்லும்.

சேர்ப்பது எளிது, காப்பதே கடினம் என்பதைத் தில்லியின் தட்பவெப்பம் நமக்குக் கற்பித்தது. முதலில் அலமாரியை மேற்குச் சன்னலுக்கு எதிரே வைத்தோம். வெயில்பட்டு, வெண்மையான பிளாஸ்டிக் விசைகள் ஈராண்டில் மஞ்சள் பூத்தன. வடசுவர் ஓரத்துக்கு மாற்றினோம். மே மாதப் புழுதிக்காற்றுக்கு அஞ்சி எண்ணெயை ஊசிமுனையளவே இட்டோம். மிகுந்தால் தூசி அதனோடு சேர்ந்து பிசினாகிவிடும். மழைக்காலத்து ஈரத்தை உறிஞ்ச, மருந்துப் புட்டிகளில் வரும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து வைத்தோம். ஒவ்வொன்றின் முன்னும் பெயரும் ஆண்டும் எழுதிய அட்டை. வந்தவரெல்லாம் நின்று பார்த்தனர்; நாமும் பெருமிதம் கொண்டோம்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறன்று அலுவலக நண்பர் ஒருவர் குடும்பத்துடன் வந்திருந்தார், பஞ்சாபியர். அலமாரியை ஊன்றிப் பார்த்துவிட்டு, "உங்கள் மொழியில் இப்படி ஒரு பொறி உண்டா?" என்று இந்தியில் கேட்டார். நாம் வாய் திறக்குமுன் பன்னிரண்டு வயது மகள் விடை சொல்லிவிட்டாள்: "இல்லை அங்கிள், தமிழுக்கு அதெல்லாம் கிடையாது."

அவள் பொய் சொல்லவில்லை. கண்ணாடிக்குள் இருந்ததைத்தானே அவள் கண்டாள்!

உண்மையில் நம் சேகரிப்பின் மூத்த பொறி தமிழ்ப் பொறிதான். தந்தையார் ஊரில் தட்டச்சுப் பயிலகம் நடத்தி வந்தார். கணினி வந்து மாணவர் குறைய, 2008-இல் அதை மூடினார். மேசைகளையும் ஆங்கிலப் பொறிகளையும் விற்றவர், தமிழ்ப் பொறி ஒன்றைமட்டும் விற்கவில்லை. 2010-இல் நம்மிடம் தந்தார். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மடியிலும் இருக்கையடியிலுமாகச் சுமந்து வந்தோம். பெரிது, கனமானது, அலமாரியில் அடங்காது என்று இரும்புப் பெட்டியிலிட்டுக் கட்டிலின் கீழ்த் தள்ளினோம். அலமாரி கோத்ரெஜுக்கு இடம் தந்ததே என்று இப்போது யாரேனும் கேட்டால் நம்மிடம் மறுமொழி இல்லை.

2016-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் தந்தையார் தில்லி வந்தார். அலமாரியைப் பார்த்தார், அட்டைகளை ஒன்றுவிடாமல் படித்தார், ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு வாரமும் அந்தக் கட்டிலில்தான் உறங்கினார். தம் பொறியின்மேல் படுத்திருக்கிறோம் என்பதை அறிந்திருந்தாரா? 2019-இல் அவர் காலமானார். இனி அதை யாரிடம் கேட்பது?

நண்பர் விடைபெற்ற அன்றிரவே பெட்டியை இழுத்தோம். நாடா காய்ந்து, ஓரங்களில் துருவேறியிருந்தது. மகள் அருகில் வந்து அமர்ந்தாள். 247 எழுத்துகளை ஐம்பதைக்கூட எட்டாத விசைகளில் அடக்கிய விந்தையை அவளுக்குச் சொன்னோம். யாழ்ப்பாணத்தில் 1886-இல் பிறந்து, பிழைப்புக்காகக் கடல் கடந்து, சிங்கப்பூரில் ஒரு வணிக நிறுவனத்தில் பணியாற்றிய முத்தையா அவர்களே தமிழ்த் தட்டச்சுக்கு வழி கண்டவர் என்றதும், "அவரும் நம்மைப்போல ஊரைவிட்டு வந்தவரா அப்பா?" என்றாள்.

புதிய நாடா மாட்டி, 'அம்மா' என்று அடித்தாள். தாளில் விழுந்தது 'அமமா'. புள்ளி விசை துருவில் இறுகிக்கிடந்தது. அவ்விசையை அழுத்தினால் தாள் தாங்கிய வண்டி நகராது. ஆதலால் புள்ளியை முதலில் இட்டு, அதன்கீழ் எழுத்தை அடிக்கவேண்டும். 1999-இல் தமிழ்நாடு அரசு ஏற்ற 'தமிழ் 99' முறையிலோ, மகரத்தை இருமுறை தட்டினால் புள்ளி தானே வந்து அமரும். இங்கே நாமே இட்டாலன்றி வாராது. பெட்ரோல் தோய்த்த பழைய பல் தூரிகையால் மூன்று மாலைகள் துடைத்தோம். நான்காம் நாள் புள்ளி விழுந்தது. அடுக்களையிலிருந்து வந்த இல்லத்தரசியார் தாளைப் பார்த்து, "இப்போதுதான் நான் அம்மாவானேன்" என்றார்.

இன்று அப்பொறி கண்ணாடிக்குள் இல்லை. முன்னறையில் ஒரு தாழ்ந்த மேசைமேல், தந்தையாரின் பழைய வேட்டியில் தைத்த உறையின்கீழ் இருக்கிறது. தூசி படிகிறது, வாரந்தோறும் துடைக்கிறோம். அதில் எப்போதும் ஒரு தாள் செருகியிருக்கும். அட்டை வைக்கவில்லை, வந்தவர் கேட்டால் மகளே சொல்கிறாள். பஞ்சாபி நண்பர் மறுமுறை வந்தபோது அவர் பெயரைத் தமிழில் அடித்துக் கொடுத்தாள். அதில் ஒரு பிழை இருந்தது; நாம் திருத்தவில்லை.

அன்பர்களே, ஊரிலிருந்து நாம் கொணர்ந்தவற்றுள் எதை முன்னறையில் வைத்தோம், எதைக் கட்டிலின் கீழ் வைத்தோம் என்பதைப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். இதை நாம் காலந்தாழ்ந்தே கற்றோம்.