இரண்டாம் திறவுகோல்

'சாவி' என்ற சொல் போர்த்துக்கீசியரோடு கப்பலேறி நம் கரைக்கு வந்தது. நம்மிடம் உள்ள சொல் 'திறவுகோல்'. இரண்டில் எங்களுக்கு உவப்பானது பின்னதே. தான் செய்யும் வேலையைத் தன் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. ஆயினும் இக்காலத்துக் கார்ச் சாவிக்கு அப்பெயர் முழுமையாகப் பொருந்துவதில்லை. கதவைத் திறப்பது அதன் சிறுபணி. தான் இன்னார் என்று வண்டியிடம் மெய்ப்பிப்பதே அதன் பெரும்பணி.

நாங்கள் வாழ்வது திண்டுக்கல்லில். நாகல் நகரிலும் நல்லாம்பட்டியிலும் அரம் கொண்டு இராவிப் பூட்டுச் செய்த கைகளால் பெயர்பெற்ற ஊர். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு ஒரு சாவிக்காக மூன்று வாரம் அலைந்தோம் என்றால் நண்பர்கள் நகைக்கக்கூடும்.

எட்டாண்டு ஓடிய கார் ஒன்றைத் தரகர் ஒருவர் வழியாக வாங்கியிருந்தோம். அம்மாவை வாரம் இருமுறை டயாலிசிஸுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஆட்டோவின் குலுக்கலை அவர் உடல் தாங்கவில்லை. வண்டியோடு கைக்கு வந்தது ஒரே ஒரு சாவி. "இன்னொண்ணு வீடு மாத்தும்போது தொலைஞ்சு போச்சாம் சார்" என்றார் தரகர். நாங்கள் இருவருமே கல்லூரி ஆசிரியர்கள். ஒருவருக்குத் தமிழ், மற்றவருக்கு வேதியியல். ஒருவர் சாவியோடு வகுப்பில் இருக்கும் வேளையில் வீட்டில் அம்மாவுக்கு மூச்சுத் திணறினால்? நள்ளிரவில் அந்த ஒற்றைச் சாவி கண்ணில் படாமற்போனால்? இக்கவலைக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது: தொலைந்த சாவி இப்போது யார் கையில் இருக்கிறது?

காப்பீடு பற்றி நண்பர் ஒருவர் சொன்னது அக்கவலையை வளர்த்தது. வண்டி திருடு போனால், இழப்பீடு கொடுக்கும் முன் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கும்படி காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது வழக்கம். ஒன்றுதான் இருக்கிறது என்றால், மற்றது எங்கே என்ற வினாவுக்கு நாம்தான் விடை சொல்லியாக வேண்டும்.

முதலில் ஒரு சர்வீஸ் சென்டருக்குச் சென்றோம். ஆர்.சி. புத்தகம், ஆதார், சாவி தொலைந்ததற்குக் காவல் நிலையத்தில் பெற்ற சி.எஸ்.ஆர். இரசீது எல்லாம் கேட்டார்கள். கேட்டது முறைதான், யார் வந்து கேட்டாலும் சாவி செய்து கொடுப்பது ஆபத்தல்லவா? ஆனால் எங்களுக்கு முன்பே தொலைந்த சாவிக்கு நாங்கள் எப்படிப் புகார் கொடுப்பது என்பதற்கு அங்கே விடை கிடைக்கவில்லை. விலை ரூ. 9,000 என்றார்கள். எப்போது வரும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

இவ்வகைச் சாவியின் நுட்பத்தை இங்கே சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். சாவியின் கருநிறப் பிடிக்குள் அரிசிமணியைவிடச் சற்றே பெரிய சில்லு ஒன்று இருக்கும். டிரான்ஸ்பாண்டர் என்பது அதன் பெயர். அதற்கு பேட்டரி கிடையாது. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளே அதற்கு ஆற்றலை ஊட்டுகிறது. அந்த ஆற்றலைக் கொண்டே சில்லு தன் அடையாளத்தைச் சொல்கிறது. வண்டியின் நினைவில் உள்ள பதிவோடு அது ஒத்தால்தான் இன்ஜின் ஓடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 முதல் புதிய கார்களுக்கு இத்தகைய இம்மொபிலைசர் கட்டாயமாயிற்று. முறியாத பூட்டு உலகில் இல்லை என்பதும் உண்மையே. 2005இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அன்று பரவலாக இருந்த 40 பிட் சில்லு ஒன்றின் மறையீட்டை உடைத்துக் காட்டினார்கள். ஆனாலும் இரண்டு கம்பிகளை உரசி வண்டியைக் கிளப்பும் பழைய திருட்டு இதனிடம் செல்லாது.

இறுதியில் பேருந்து நிலையத்துக்கு அருகே சிறு கடை வைத்திருக்கும் சாவிக்காரர் ஒருவரிடம் போனோம். அவருடைய தாத்தா மாங்காய்ப் பூட்டுச் செய்தவராம். ஆர்.சி. புத்தகத்தையும் அடையாள அட்டையையும் வாங்கிப் பார்த்து, வண்டி எண்ணை ஒரு நோட்டில் எழுதிக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கினார். எங்களுக்கு அவர்மேல் நம்பிக்கை பிறந்தது அந்த நோட்டைக் கண்டபோதுதான்.

முதலில் புதிய சாவியின் உலோகத்தை வெட்டி எங்கள் கையில் கொடுத்து, "போட்டுப் பாருங்க சார்" என்றார். கதவு திறந்தது. சாவி துளைக்குள் திரும்பவும் செய்தது. இன்ஜின் ஓரிரு நொடி உறுமி அடங்கிற்று. முகப்பில் சாவி வடிவ விளக்கொன்று மின்னிக்கொண்டிருந்தது. ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தும் வழக்குரை காதை எங்கள் நினைவுக்கு வந்தது. இரண்டு சிலம்பும் வெளித்தோற்றத்தில் ஒன்றுதான். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்துப் பார்க்கும்வரை பாண்டியனுக்கு அது தெரியவில்லை. இந்த வண்டியோ உடைக்காமலே உள்ளிருப்பதைக் கேட்டறிகிறது.

பிறகு ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள துளையில் தம் கருவியை இணைத்தார். சற்று நேரத்தில் திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார். பதிவாகியுள்ள சாவிகள்: 3.

மூன்று! தரகர் சொன்ன கணக்கு இரண்டு. எங்கள் கையில் இருப்பது ஒன்று. அப்படியானால் எங்கள் வாசலில் நின்ற வண்டியைக் கிளப்பவல்ல சாவிகள் இரண்டு, முகமறியா யாரிடமோ இத்தனை மாதம் இருந்திருக்கின்றன. அம்மாவை ஏற்றிச் செல்லும் வண்டி அது. சற்று நேரம் நாங்கள் எதுவும் பேசவில்லை.

"பயப்படாதீங்க டீச்சர். பழசு எல்லாத்தையும் அழிச்சிட்டு, கையில இருக்கறத மட்டும் ஏத்திடலாம்" என்றார் அவர். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. திரையில் 2 என்று வந்தது. இரண்டு சாவிகளையும் தனித்தனியே போட்டு வண்டியைக் கிளப்பிக் காட்டிய பிறகே பணம் வாங்கினார். ரூ. 3,500. "தொலைஞ்ச சாவி கதவத் திறக்கும் சார். வண்டிய ஓட்டாது. உள்ள விலையுள்ள பொருள் எதுவும் வைக்காதீங்க" என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அன்று நாங்கள் அறிந்தது இது: ஒரு வண்டியை வாங்குவது வேறு, அதன் நினைவை வாங்குவது வேறு. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறியதுமே வண்டி நம்முடையதாகிவிட்டது என்று எண்ணுகிறோம். வண்டியோ தன் பழைய உரிமையாளர்களை மறக்காமல் இருக்கிறது. நாம் சொன்னால்தான் மறக்கும்.

பழைய வண்டி வாங்கும் அன்பர்கள், எத்தனை சாவி தருவீர்கள் என்று கேட்பதோடு, எத்தனை சாவி பதிவாகியிருக்கிறது என்றும் பார்த்துவிடுங்கள். ஒரு சாவி கையில் இருக்கும்போதே இரண்டாவதைச் செய்துகொள்ளுங்கள். இருந்த ஒன்றும் போய்விட்டால் வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லும் நிலையும் வரலாம், செலவும் பன்மடங்காகும். சாவி எண் பொறித்த சிறு தகடு கிடைத்தால் அதை வண்டிக்குள் போட்டுவைக்காமல் வீட்டில் வையுங்கள். இரண்டு சாவிகளையும் ஒரே வளையத்தில் கோக்காதீர்கள்.