கல்லுக்கும் உண்டு ஒரு காசோலை எண்!

எங்கள் வீட்டு வாசற்கதவு ஆடாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தோம். ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி சுருண்ட கல். நான் பிறப்பதற்கு முன், அப்பா சுண்ணாம்புக்கல் குவாரியில் லாரி ஓட்டிய காலத்தில் கொண்டு வந்தது. அரியலூர்ப் பக்கம் இதெல்லாம் அதிசயமே இல்லை. ஆனால் போன லீவுக்கு வந்த ஜியாலஜி படிக்கும் பக்கத்து வீட்டு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "டேய், இது அம்மோனைட்டுடா!" என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பி.காம். படிக்கிறவனுக்குப் பாறை எதற்கு என்று சிரிக்காதீர்கள். அவர் சொல்லச் சொல்ல, இது நம் வங்கிச் சரிகட்டும் பட்டியலேதான் என்று புரிந்தது!

முதலாண்டுத் தேர்வில் ரொக்க ஏட்டில் ஒரு 5,000 ரூபாய், செல்லேட்டில் ஒரு 5,000 ரூபாய். தொகை ஒன்றுதானே என்று இரண்டையும் ஜோடி சேர்த்தேன். சார் சிவப்பு மையால் அடித்துவிட்டார். ஒரே தொகை பத்துத் தடவை வரலாம். காசோலை எண் ஒரு தடவைதான் வரும்.

பாறையிலும் அப்படித்தான். இங்கே ஒரு மணற்கல், மடகாஸ்கரில் ஒரு மணற்கல், பார்க்க ஒரே மாதிரி என்பதால் ஒரே வயது ஆகிவிடாது. மணற்கல் எல்லா யுகத்திலும் உருவாகும். அம்மோனைட்டோ கடலில் வாழ்ந்த உயிர். தூர தேசங்கள் வரை பரவியது, சீக்கிரம் சீக்கிரமாக இனம் மாறியது. போன இனம் திரும்ப வராது. அதுதான் காசோலை எண்.

பிளான்ஃபோர்ட் என்ற ஆங்கிலேயர் எங்கள் பகுதிப் பாறைகளை ஆராய்ந்து 1862-இல் மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். கீழிருந்து மேலாக ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர். இங்கே கிடைத்த அம்மோனைட்டுகளை ஐரோப்பாவில் கிடைத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். அதனால்தான் பெரம்பலூர் மாவட்டத்துக் காரையில் உள்ள களிமண் அடுக்குகளுக்கு இன்று 'செனோமேனியன்', 'டுரோனியன்' என்று காலம் சொல்கிறார்கள். லெ மான், டூர் என்ற பிரெஞ்சு ஊர்களால் வந்த பெயர்கள். காரைக்கும் பிரான்சுக்கும் கணக்கு டாலி ஆகிறது, பாருங்கள்!

எல்லாப் பொருத்தமும் இவ்வளவு சுலபமில்லை. அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த ஒரு பல்லைப் பற்றி 2013-இல் ஒரு கட்டுரை வந்தது. மடகாஸ்கரில் வாழ்ந்த சைமோசூக்கஸ் என்ற முதலை இனத்தின் பல் போலவே இருந்ததாம். ஆனால் இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்துவிட்டன. அந்தப் பல் அதற்கும் ஏறக்குறைய 2 கோடி ஆண்டுகள் பிந்தியது. பிரிவதற்கு முன் வாழ்ந்த பொது மூதாதையிடமிருந்தும் அந்த ஒற்றுமை வந்திருக்கலாம். பங்காளிகளின் முகச்சாயல் மாதிரி. சாயலை வைத்து உறவு சொல்லலாம், தேதி சொல்ல முடியாது.

கடைசியில் அண்ணன் கேட்டார். "எந்தக் குழி, எந்த அடுக்கு?"

அப்பா யோசித்தார். "இருபத்தஞ்சு வருசம் ஆச்சே தம்பி... லாரியில மண்ணோட கெடந்துச்சு."

"கல்லோட வயசை ஓரளவு சொல்லிடலாம். ஆனா அது எந்த அடுக்கோட வயசைச் சொல்லணுமோ, அந்த அடுக்கே தெரியலையே மாமா."

அப்பா முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். எண் இருக்கிறது, எந்த ஏட்டில் எழுதுவது?

குவாரியை மூடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் படிப்புச் செலவே அந்தக் குழியிலிருந்துதான் வந்தது. ஆனால் வவுச்சர் இல்லாமல் ஒரு ரூபாய்கூடப் போகக்கூடாது என்று படிக்கிறோமே! கோடி வருடக் கணக்கு லாரி லாரியாகப் போகும்போது ஒரு சீட்டாவது எழுதக்கூடாதா?

நண்பர்களே, எங்காவது இப்படி ஒரு கல்லைப் பார்த்தால் உடனே பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். இருந்த இடத்தைப் படம் எடுங்கள், ஊரையும் அடுக்கையும் குறித்து, விஷயம் தெரிந்தவர்களிடம் சொல்லுங்கள்.

எங்கள் கதவுக்கு இப்போது ஒரு செங்கல் போதுமானதாக இருக்கிறது.