வாய் திறந்து உறங்கும் பிள்ளைகள்



அன்பிற்குரிய பெற்றோர்களே! குர்ஆன் ஓதக் கற்பிக்கும் நாம், பிள்ளைகளின் பற்களையும் நாவையும் மூக்கையும் நாள்தோறும் கவனிக்கக் கடமைப்பட்டவர்கள். எழுத்துகள் பிறக்கும் இடங்களாகிய மக்ரஜ்கள் அங்கேதான் இருக்கின்றன. 'ஃபா' உச்சரிக்க மேல் முன்பற்களின் நுனி கீழுதட்டின் உட்புறத்தைத் தொட வேண்டும். மூன்று புள்ளி 'ஸா'வுக்கு நாவின் நுனி அப்பற்களின் விளிம்பைத் தொட வேண்டும். மீம், நூன் எழுத்துகளின் குன்னாவோ கைஷூம் எனப்படும் மூக்கின் உட்பகுதியிலிருந்து எழ வேண்டும். பல் முன்னே தள்ளியிருந்தாலும் மூக்கு அடைபட்டிருந்தாலும் அது ஓதுதலில் உடனே தெரிந்துவிடும்.

ஈரோட்டில் நம்மிடம் ஓதிய ஒன்பது வயது மாணவன் ஒருவனுக்கு 'மீம்' எப்போதும் 'பீம்' என்றே ஒலித்தது. உதடுகள் மூடாமல் வாய் திறந்தபடியே இருக்கும். மேற்பற்கள் நெருக்கியடித்துத் தூக்கியிருந்தன. சுப்ஹுக்குப் பின் நடக்கும் வகுப்பில் அமர்ந்தபடியே உறங்கிவிடுவான். விழித்திருக்கும் நேரங்களில் ஓரிடத்தில் இருக்கமாட்டான். ஜவுளிச் சந்தையில் கடை வைத்திருந்த அவனுடைய தந்தை, "மண்டையில ஏறலைங்க ஹஜ்ரத், ஹிஃப்ழை நிறுத்திப் போடலாமுங்க" என்றார். இரவில் எப்படி உறங்குகிறான் என்று வினவினோம். "அசந்து தூங்குவானுங்க, குறட்டை வாசல் வரைக்கும் கேக்கும்" என்றார். அவனுடைய தாயாரோ, இடையில் சில கணங்கள் குறட்டை நின்று போவதையும், பின்பு அவன் திணறிப் புரள்வதையும், இவ்வயதிலும் படுக்கை நனைவதையும் எடுத்துரைத்தார்.

குறட்டையை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளமாகவே நம் வீடுகளில் கருதுகின்றனர். உண்மை வேறு. மூக்கின் பின்புறம் அடினாய்டு என்னும் சதை இருக்கிறது. அது வீங்கினால் மூக்கு வழியே மூச்சு செல்லாது. பிள்ளை வாயால் மூச்சிழுக்கும். உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளரும்போது பாதை மேலும் குறுகும். சிலருக்கு மூச்சு சற்று நேரம் நின்றே போகும். மூளை அவர்களை மீண்டும் மீண்டும் அரைகுறையாக எழுப்பிவிடும். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் ஓய்வு கிட்டாத அப்பிள்ளையின் மறதியும் எரிச்சலும் துறுதுறுப்பும் குணக்கேடு அல்ல, களைப்பு. குழந்தைகளுக்கும் இவ்வாறு நேர்வதை அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் கில்லமினோ என்ற மருத்துவர் 1976-இல் எட்டுக் குழந்தைகளை ஆராய்ந்து விவரித்தார். இன்று நூற்றில் ஒன்று முதல் ஐந்து வரையிலான குழந்தைகளுக்கு இந்நோய் உண்டென மருத்துவ உலகம் மதிப்பிடுகிறது.

பற்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? வாயின் மேலண்ணமே மூக்கின் தரையாகும். வாய் மூடியிருக்கையில் நாக்கு மேலண்ணத்தில் படிந்து, வளரும் தாடைக்கு உட்புறமிருந்து தாங்கலாக இருக்கிறது. வாய் எந்நேரமும் திறந்திருந்தால் நாக்கு கீழே இறங்கிவிடும். மேல்தாடை குறுகி, அண்ணம் கூரைபோல் உயர்ந்து, பற்கள் இடமின்றி நெருங்கும். முகமும் நீண்டு வளரக்கூடும். தாடை குறுகினால் மூக்கின் பாதையும் குறுகும். இவ்வாறு மூச்சடைப்பு பல்லைக் கெடுக்க, குறுகிய தாடை மூச்சை மேலும் தடுக்கிறது. ஆனால் தெற்றுப்பல் உள்ள பிள்ளைகள் யாவருக்கும் மூச்சுக் கோளாறு இருப்பதாகக் கொள்ளலாகாது. பரம்பரையும் விரல் சூப்புதலும் கூடப் பல் வரிசையை மாற்றும்.

ஆகவே சிகிச்சைக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் காணவேண்டியவர் காது மூக்கு தொண்டை மருத்துவர். ஒவ்வாமையால் மூக்கடைப்பா, அடினாய்டா, டான்சிலா என அவரே கண்டறிய வேண்டும். தேவையெனில் உறக்கப் பரிசோதனையும் செய்வார். பஞ்சுத் தூசி பறக்கும் நம் ஊரில் ஒவ்வாமையைப் புறக்கணிக்கலாகாது. அதற்கடுத்துத்தான் பல்சீரமைப்பு மருத்துவர். குறுகிய மேல்தாடையை விரிக்க, அண்ணத்தில் திருகு பொருத்திய சாதனம் ஒன்றை வைப்பார்கள். 1860-இல் ஏஞ்செல் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் விவரித்த முறை இது. சாவியால் ஒருமுறை திருகினால் சுமார் கால் மில்லிமீட்டர் விரியும். அண்ணத்தின் நடு இணைப்பு இறுகுமுன், அதாவது பருவ வயதுக்கு முன்பு, இது எளிது. எனினும் கம்பி போட்டால் குறட்டை நின்றுவிடும் என்று எவரும் உறுதி கூற இயலாது. தாடை குறுகியுள்ள பிள்ளைகளுக்கு அது துணைச் சிகிச்சையே என்று அமெரிக்கப் பல்சீரமைப்பு மருத்துவர் சங்கம் 2019-இல் தெளிவுபடுத்தியது.

அந்த மாணவனுக்கு அடினாய்டு அகற்றப்பட்டது. பிறகு விரிக்கும் சாதனம் பொருத்தவேண்டும் என்றபோது அவனுடைய தந்தை தயங்கினார். "படைப்பை மாத்துறது ஆகாதுல்லைங்க ஹஜ்ரத்?" என்று கேட்டார். இக்கேள்வி பலருக்கும் உண்டு. அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்குவதை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அதே நபியவர்கள்தாம், போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) அவர்கள் பொருத்திய வெள்ளி மூக்கு துர்நாற்றம் வீசியபோது, பொன்னால் மூக்கு பொருத்திக்கொள்ளப் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ நூல்களில் இச்செய்தி உள்ளது. குறையைச் சீர்செய்வது வேறு, ஆடம்பரத்திற்காக மாற்றுவது வேறு என்பதை இதிலிருந்தே அறிஞர்கள் விளக்குகின்றனர். கடமையான குளிப்பைப் பற்றியும் சிலர் கேட்பதுண்டு. ஒட்டப்பட்ட கம்பியைக் கழற்றவேண்டியதில்லை. கழற்றக்கூடிய தட்டையோ கழற்றிவிட்டு வாய் கொப்பளிக்க வேண்டும்.

தந்தையின் மனம் தெளிந்தது. இஷாவுக்குப் பின் அவரே சாவியைத் திருகிவந்தார். முதல் சில வாரங்கள் ஸீனும் ஷீனும் குழறின, பின்னர் சரியாயின. குறட்டை அடங்கியது. சுப்ஹு வகுப்பில் அவன் விழித்திருந்தான். குன்னா மூக்கிலிருந்து எழுந்தது. ஹிஃப்ழ் நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

உறக்கத்தை நமக்கு ஓய்வாக ஆக்கியிருப்பதாக அல்லாஹ் அந்நபஃ அத்தியாயத்தில் கூறுகிறான். அந்த அருட்கொடை நம் பிள்ளைக்குக் கிட்டுகிறதா என்று பார்ப்பது பெற்றோரின் பொறுப்பு. இன்றிரவு அவர்கள் உறங்கியபின் சற்று நேரம் அருகில் அமருங்கள். வாய் திறந்திருக்கிறதா, வாரத்தில் மூன்று நாட்களுக்கு மேல் குறட்டை உண்டா, மூச்சு இடையில் நிற்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். உஸ்தாதுமார்களே! வகுப்பில் தூங்கிவழியும் பிள்ளையைச் சோம்பேறி என்று அழைக்குமுன், அவனுடைய இரவைப் பற்றி வீட்டாரிடம் ஒருமுறை கேளுங்கள்.

நம் குழந்தைகளுக்கு உடல்நலத்தையும் தெளிவான நாவையும் நிம்மதியான உறக்கத்தையும் வல்ல ரஹ்மான் அருள்வானாக! ஆமீன்.