வண்டியேறி வந்த கல்

சிற்பம் பார்க்க அருப்புக்கோட்டைப் பக்கம் போகிறேன் என்றதும் நண்பர் சிரித்துவிட்டார். "அங்க கரிமூட்டத்தத் தவிர என்னய்யா இருக்கு?" அவர் கேட்டதில் நியாயம் உண்டு. நான் செங்கல்பட்டுக்காரன். எங்கள் பக்கம் குன்று கிடைத்தால் குடைந்து கோயிலாக்கினார்கள், பாறை கிடைத்தால் செதுக்கி ரதமாக்கினார்கள். மாமல்லபுரத்தைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்குச் சிற்பம் என்றால் முதலில் பாறை. மதுரையிலிருந்து தூத்துக்குடி போகும் நாற்கரச் சாலையில் அருப்புக்கோட்டையில் இறங்கி, திருச்சுழி பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். இருபுறமும் வெடித்துக் கிடக்கும் கரிசல், சீமைக்கருவேலங்காடு, கண்மாய்க்கரையில் வரிசையாகப் பனை. கண்ணுக்கு எட்டியவரை ஒரு குன்று கிடையாது.

அப்படியானால் இங்கே இருக்கும் கற்சிலைகளெல்லாம் எங்கிருந்து வந்தன? இந்தக் கேள்விதான் பயணம் முழுக்க என்னை இழுத்துக்கொண்டு போனது.

அருப்புக்கோட்டை வட்டத்தில் கோவிலாங்குளம் என்றொரு ஊர். அங்கே அம்பலப்பசாமி என்று மக்கள் கும்பிடும் சாமி உண்மையில் ஒரு சமணத் தீர்த்தங்கரர். கி.பி. 1070 முதல் 1120 வரை ஆண்ட முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கல்வெட்டு, இங்கே ஒரு சமணப்பள்ளி இருந்ததைச் சொல்கிறது. பள்ளி போய்விட்டது. பள்ளியில் இருந்தவர் போகவில்லை.

அந்தச் சிலைக்கு முன்னால் உட்கார்ந்தால் முதலில் தெரிவது, அதில் இல்லாத பொருள்கள்தான். கையில் ஆயுதம் இல்லை, கழுத்தில் ஆரம் இல்லை, இடையில் ஆடை இல்லை, முகத்தில் கோபமோ அருளோ எதுவும் இல்லை. சம்மணமிட்ட கால்களின் மேல் கை மீது கை. தலைக்கு மேலே முக்குடை. நடராசரைச் செய்பவருக்குத் தூக்கிய காலும் பறக்கும் சடையும் துணைக்கு வரும். இங்கே சிற்பிக்கு எந்தத் துணையும் இல்லை. தோளிலிருந்து முழங்கை வரை இறங்கும் ஒரு கோடு, மார்பு லேசாக விம்மி வயிறு ஒடுங்கும் இடம். இந்த இரண்டையும் வைத்தே, இவர் மூச்சை உள்ளே நிறுத்தியிருக்கிறார் என்று நம்மை நம்ப வைக்க வேண்டும். வைத்திருக்கிறார். எண்ணெய் குடித்துக் கறுத்த கல்லில் மாலை வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்த வயிற்று ஒடுக்கத்தில் நிழல் தேங்குகிறது. மூச்சு இழுக்கப்போகிறார் என்று ஒரு கணம் தோன்றியது.

இதே போலக் கைகளைக் கோத்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் இன்னொருவரை எனக்குப் படங்களில் தெரியும். பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் குடியா. கி.மு. 2100 வாக்கில் இன்றைய ஈராக்கின் தென்பகுதியில் லகாஷ் நகரை ஆண்டவர். அதுவும் கல்லில்லாத வண்டல் சமவெளி. ஊரே களிமண்ணில் எழுந்தது, எழுத்துகூடக் களிமண்ணில் எழுதப்பட்டது. தன் சிலைக்கான கருங்கல்லை மாகான் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய ஓமான் பக்கத்திலிருந்து, தருவித்ததை அவர் சிலை மேலேயே பொறித்து வைத்தார். கல் அங்கே அவ்வளவு பெரிய விஷயம். கரிசலில் நின்றுகொண்டு அதை நினைத்தபோது எனக்கு அவருடைய பெருமிதம் புரிந்தது. கல் இல்லாத ஊருக்கு வரும் ஒவ்வொரு கல்லும் மாடு இழுத்து, ஆள் தள்ளி, வண்டித்தடம் பதிந்து வந்தது. வந்த கல்லை யாரும் வீணாக்க மாட்டார்கள்.

வீணாக்காததற்குச் சாட்சி பள்ளிமடத்தில் இருக்கிறது. திருச்சுழிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சுந்தரர் பாடிய திருமேனிநாதர் கோயிலையும், 1879இல் ரமண மகரிஷி பிறந்த வீட்டையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கொஞ்சம் தள்ளி, குண்டாற்றங்கரையில், பள்ளிமடம் சிவன் கோயில். பாண்டிய அரசன் ஒருவனின் பள்ளிப்படையாக, அதாவது இறந்த அரசனின் நினைவுக் கோயிலாக, எழுந்தது. அதன் கட்டுமானத்தில் சேர்ந்திருக்கும் சில கற்களில் வரிகள் பாதியில் அறுந்து நிற்கின்றன. அந்த வரிகள் பேசுவது சிவனைப் பற்றி அல்ல, குறண்டி என்ற ஊரின் திருக்காட்டாம்பள்ளியைப் பற்றி. அது இந்த வட்டாரத்தில் இருந்த பெரிய சமணப்பள்ளி. பள்ளி இடிந்த பிறகு அதன் கற்கள் மறுபடியும் வண்டியேறி இங்கே வந்திருக்கின்றன.

இதைக் கேட்டதும் சிலருக்குக் கோபம் வரும், சிலருக்கு வருத்தம் வரும். உலகில் பழைய கல்லுக்கு இது வாடிக்கையாக நடப்பதுதான். அக்காடிய மன்னன் நாராம்-சின் தன் வெற்றியைச் செதுக்கி நிறுத்திய கல்லை, ஆயிரம் ஆண்டு கழித்து, கி.மு. 12ஆம் நூற்றாண்டில், ஏலாம் நாட்டு அரசன் சூசாவுக்குத் தூக்கிக்கொண்டு போனான். போனவன் பழைய எழுத்தை அழிக்கவில்லை. பக்கத்தில் தன் பெயரையும் வெட்டிக்கொண்டான். கல் பிழைத்தது அப்படித்தான்.

குறண்டிப் பள்ளியின் துறவிகள் முன்பே ஒரு காரியம் செய்திருந்தார்கள். மதுரைக்குப் பக்கத்தில் கீழக்குயில்குடிச் சமணர்மலையில், பேச்சிப்பள்ளத்திலும் செட்டிப்புடவிலும் வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள் உண்டு. அவற்றின் அடியில் வட்டெழுத்தில் உள்ள பெயர்களைப் படித்தால் குறண்டி, குறண்டி என்று திரும்பத் திரும்ப வருகிறது. சொந்த ஊரில் மலை இல்லாதவர்கள் மலை இருக்கும் இடத்துக்குப் போய்த் தங்கள் பெயரைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். சமவெளியில் இருந்த பள்ளி கலைந்தது. நகர்த்த முடியாத பாறையில் பெயர் தங்கிவிட்டது.

கல்லின் கதை இப்படி. மண்ணின் கதை நேர் எதிர்.

இந்தப் பக்கத்து அய்யனார் கோயில்களில், எடுப்புத் திருவிழாவில் ஊர் கொண்டுவந்து வைத்த சுடுமண் குதிரைகள் நிற்கும். புதியது நிமிர்ந்து நிற்கும். அதன் பின்னால் பழையது காது போய், கால் போய், ஓடாகக் கிடக்கும். அவற்றைச் செய்யும் குயவரான ஒரு வேளார் பெரியவரிடம் கேட்டேன், இவ்வளவு பாடுபட்டுச் செய்தது இப்படிக் கிடக்கிறதே என்று. "மழை பேஞ்சா ஒடையத்தான செய்யும் தம்பி? மறு எடுப்புக்குப் புதுசு செஞ்சுக்கிருவோம். மண்ணுக்கா பஞ்சம்?"

வேலையை எடுத்ததும் செய்துவிட முடியாது. முதலில் ஊர் கூடிப் பிடிமண், அதாவது வேலை தொடங்கச் சொல்லி ஒரு பிடி மண், கொடுக்க வேண்டும். கண்மாய் மண்ணில் மணலும் உமியும் கலந்து மிதித்து, நான்கு கால்களையும் குழாய்போல் வனைந்து நிறுத்துகிறார்கள். கால் ஓரளவு இறுகிய பிறகுதான் வயிறு. அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் உட்கார்ந்துவிடும். சுவரின் கனம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சூளையில் வெடிக்கும். பெரியவர் அதைக் கண்ணால் பார்த்துச் சொல்லவில்லை. விரல் முட்டியால் தட்டி, சத்தத்தைக் கேட்டுச் சொன்னார்.

சீனாவில் சியான் நகருக்கு அருகே 1974இல் கிணறு தோண்டிய விவசாயிகள் கண்ட மண் படையும் இப்படி உள்ளே கூடாக, பகுதி பகுதியாகச் செய்யப்பட்டதுதான். ஆயிரக்கணக்கான வீரர்கள், குதிரைகள். ஆனால் அவை அந்நாட்டுப் பேரரசன் ஒருவனோடு ஒரே தடவையாகப் புதைக்கப்பட்டன. அந்தக் கைவேலை மண்ணுக்குள் போனது. இங்கே குதிரை உடைவதால் பேரனுக்கும் வேலை இருக்கிறது. உடையாமல் இருந்திருந்தால் விரல் முட்டிக்கு அந்தச் சத்தம் தெரிந்திருக்காது.

இப்போது மூன்றாவதாக ஒன்று வந்திருக்கிறது. பந்தல்குடிப் பக்கம் பூமிக்கடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது; தோண்டிச் சிமெண்ட் ஆலைக்கு அனுப்புகிறார்கள். கல்லுக்கு ஏங்கிய நாட்டுக்குக் கடைசியில் சொந்தக் கல் கிடைத்துவிட்டது, பொடியாக. ஊர் எல்லைகளில் கம்பி கட்டிச் சிமெண்ட் பூசிய கருப்பசாமிகள் முறுக்கு மீசையோடு எழுந்து நிற்கிறார்கள். குதிரைகளும் சிமெண்டுக்கு மாறி வருகின்றன. வண்ணம் பளிச்சென்று இருக்கிறது. முகங்களில் நல்ல கை தெரிகிறது. ரசனைக் குறைவு என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கணக்கு மட்டும் இடிக்கிறது. சிமெண்ட் குதிரை அடுத்த எடுப்புக்கும் அப்படியே நிற்கும்; ஊர் பெயிண்ட் வாங்கிக் கொடுத்தால் போதும், பிடிமண் கொடுக்க வேண்டியதில்லை. உடையாத குதிரை வேண்டும் என்று ஊர் ஆசைப்படுவது நியாயம். ஆனால் அந்த ஊருக்கு இன்னும் எத்தனை எடுப்புக்கு ஒரு வேளார் தேவைப்படுவார்?