மீஞ்சூர்ச் சாலையும் புழல் மதிலும்

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குச் செல்லும் ரயில் எண்ணூரைத் தாண்டியதும் உப்புக் காற்றோடு புகையும் கலந்து வீசும். அத்திப்பட்டையும் நந்தியம்பாக்கத்தையும் கடந்தால் மீஞ்சூர். ஏகாம்பரநாதரும் வரதராஜப் பெருமாளும் ஒரே ஊரில் கோயில் கொண்டிருப்பதால் இதற்கு வடகாஞ்சி என்று ஒரு பெயர் உண்டு. கோபுர தரிசனம் முடித்துக் கிழக்கே நோக்கினால் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். அவற்றுக்கு அப்பால், காட்டுப்பள்ளிக் கடற்கரையில், கடல் நீரைக் குடிநீராக்க 2010-இல் தொடங்கப்பெற்ற ஆலை இருக்கிறது. காலை ரயிலில் சாப்பாட்டுப் பையில்லாத கையைக் காண்பது அரிது. உழைத்து உண்ணும் ஊர் இது.

மீஞ்சூரையும் வண்டலூரையும் இணைக்கும் வெளிவட்டச் சாலையின் நீளம் 62 கிலோமீட்டர். அது செங்குன்றத்தின் அருகே கல்கத்தா நெடுஞ்சாலையைக் கடக்கிறது. அங்கே தெற்கு நோக்கித் திரும்பினால் ஏரியும், அதை அடுத்துப் புழலும் வரும். நாம் புறப்பட்டது ஏரியைக் காண. ஆனால் நம் சிந்தையில் நின்றதோ சிறைச்சாலையின் நீண்ட மதில்.

சென்ட்ரல் ஸ்டேஷனுக்கருகே 1837 முதல் இருந்த பழைய மத்தியச் சிறை 2006-இல் இங்கே மாற்றப்பட்டது. தண்டனை பெற்றோர், விசாரணைக் கைதிகள், பெண்கள் ஆகிய மூவகையினருக்கும் இங்கே தனித்தனிச் சிறைகள் உண்டு. பழைய சிறையை இடித்த நிலம் மருத்துவக் கல்லூரிக்குப் போய்ச் சேர்ந்தது.

சிறையில் வேலை என்றதும் தமிழருக்கு நினைவு வருவது வ. உ. சிதம்பரம் பிள்ளை இழுத்த செக்கு. சிறையில் நோய் என்றாலோ சுப்பிரமணிய சிவா. 1908-இல் சிறை புகுந்த சிவா 1912-இல் தொழுநோயுடன் வெளியே வந்தார். அந்நோயைக் காரணம் காட்டி அவர் ரயிலில் ஏறுவதையும் சர்க்கார் தடுத்தது. உடலை ஒடிக்கும் வேலை, உடலைப் பேணாத அலட்சியம். அந்நாளைய சிறையின் இரு முகங்கள் இவை.

இன்று வேலைக்குப் பொருள் மாறியிருக்கிறது. கடுங்காவல் கைதியின் உழைப்புக்கும் நியாயமான கூலி தர வேண்டும் என்றும், அதில் ஒரு பகுதி குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குச் சேர வேண்டும் என்றும் சுப்ரீம் கோர்ட் 1998-இல் தீர்ப்பளித்தது. வேலூர்ச் சிறையில் போலீஸாருக்குப் பாதரட்சை தைக்கிறார்கள். கோயமுத்தூரில் துணி நெய்கிறார்கள். புழலிலோ 2023 ஆகஸ்டில், பெண் கைதிகளே நடத்தும் பெட்ரோல் பங்க் ஒன்று திறக்கப்பட்டது. தொடக்கத்தில் அதில் 30 பெண்களுக்கு மாதம் 6,000 ரூபாய் ஊதியத்தில் வேலை ஏற்பாடாயிற்று. மதிலுக்கு வெளியே பொதுமக்களோடு முகம் பார்த்துப் பேசி, காசு எண்ணி வாங்கும் வேலை அது. ஊதியத்தை விட அந்த மதிப்பே பெரிதென்று நமக்குத் தோன்றுகிறது.

ஆயினும் வேலை எல்லோருக்கும் இல்லை. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் ருசுவாகாத அவர்களை வேலை செய்யுமாறு கட்டாயப்படுத்த முடியாது, அது நீதியே. ஆனால் மாதக்கணக்கில் வெறுமனே உட்கார்ந்திருப்பதும் ஒரு தண்டனை அன்றோ? வீட்டில் சம்பாதித்து வந்த ஒருவன் உள்ளே இருக்கையில், வெளியே அவன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றுவிடுவதை ஆசிரியத் தொழிலில் உள்ள நாம் அறிவோம்.

அடுத்தது வைத்தியம். வெளியே உள்ளோருக்குக் கிட்டும் தரத்திலேயே கைதிக்கும் சிகிச்சை வேண்டும் என்பது, மண்டேலாவின் பெயரால் 2015-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற விதி. சிறைக்குள் ஆஸ்பத்திரி உண்டு. நோய் முற்றினால் புழல் கைதிகளை ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்கிறார்கள். அது இருக்கும் வீதிக்குப் பழைய ஜெயில் ரோடு என்றே பெயர்! ஆனால் கைதி தானாக நடந்து டாக்டரிடம் போக முடியாது. காவலர் துணை வேண்டும். காவலர் இல்லாத நாளில் நோய் காத்திருக்குமா? நெருக்கடியான அறையில் பரவும் க்ஷயம் மதிலோடு நின்றுவிடுவதுமில்லை. விடுதலையாகிறவனோடும், வீடு திரும்பும் வார்டரோடும் அது நம் தெருவுக்கே வரும். ஆகவே கைதியின் ஆரோக்கியம் ஊராரின் ஆரோக்கியமும் ஆகும்.

விடுதலைக்குப் பிறகு சிதம்பரம் பிள்ளையே இந்தச் சென்னையில் மண்ணெண்ணெய் விற்றுப் பிழைக்க நேர்ந்தது. தேசபக்தருக்கே அக்கதி என்றால், களவுக் குற்றத்தில் சிக்கி மீண்டவனுக்கு யார் வேலை கொடுப்பார்? சிறையில் கற்ற தொழில் வெளியே விலை போக வேண்டும். சிறை அங்காடியில் ரொட்டி வாங்குவது நம்மால் இயன்ற சிறு காரியம். திருந்தி வந்தவனுக்குப் பட்டறையிலோ கடையிலோ ஓரிடம் கொடுப்பது பெரிய காரியம். எண்ணூர் முதல் மீஞ்சூர் வரை இத்தனை ஆலைகள் புகைகின்றன. அவற்றின் வாயில்களில் அவனுக்கும் ஓர் இடம் இருக்கட்டும்.