பூசணி விளக்கும் மக்கள் கையும்

பண்டிகைகளுள் மக்கள் தம் கையால் ஆக்கிக்கொள்வன சில. மக்களுக்கு விலைகூறி விற்கப்படுவன சில. ஒரே பண்டிகை முதலாவதாகப் பிறந்து இரண்டாவதாக மாறிவிடுவதும் உண்டு. நமது தீபாவளியும் பொங்கலும் இம்மாற்றத்துக்குத் தப்பியவையல்ல. ஆயினும், நாட்பட்ட பழக்கத்தால் நம் வீட்டில் நமக்குப் புலனாகாத உண்மை, பிறர் வீட்டில் எளிதிற் புலனாகிவிடுகின்றது. வட அமெரிக்காவில் ஒக்டோபர் 31ஆம் நாள் இரவு கொண்டாடப்பெறும் ஹலோவீன் எனக்கு உணர்த்தியது இதனைத்தான்.

ரொறன்ரோ நகரின் கிழக்கே, ஸ்காபரோவில் வாழும் என் தமக்கையார் வீட்டில் கடந்த ஆண்டு ஒக்டோபர் மாதத்தைக் கழித்தேன். மேப்பிள் மரங்கள் செந்நிறமும் பொன்னிறமும் பூண்டு இலை உதிர்க்கும் காலம் அது. வீதியெங்கும் வீட்டு வாயில்களிற் பூசணிக்காய்கள் அடுக்கப்பட்டிருந்தன. கடைகளிலோ பிளாஸ்டிக் பூசணி, பிளாஸ்டிக் எலும்புக்கூடு, பிளாஸ்டிக் சிலந்திவலை என மலைமலையாகக் குவிந்திருந்தன. ஒன்பது வயதான என் பெறாமகள் கடையொன்றின் விளம்பரத் தாளில் வேண்டியவற்றைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தாயிடம் நீட்டினாள். உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையொன்றில் இரவு முறையில் வேலை செய்பவர் என் தமக்கையார். அவர் தொகையைக் கூட்டிப் பார்த்தார். இரண்டு இரவுகளின் கூலி அந்தத் தாளில் இருந்தது.

அத்தானுக்குக் காசு மட்டும் பிரச்சினையன்று. "எங்கட பண்டிகையோ இது? பேயின்ரை முகத்தை வெட்டி வாசலிலை வைக்கிறதே?" என்று கேட்டார். அக்காவோ, பிள்ளை பள்ளிக்கூடத்தில் தனித்து நிற்கக்கூடாதே என்று கலங்கினார். வெளிநாடு சென்ற நம்மவர் வீடுகள் பலவற்றில் நடைபெறும் வழக்கு இது. ஒருபக்கம் மரபுப்பற்று, மறுபக்கம் பிள்ளையின் மனம், நடுவே கடைக்காரனின் விளம்பரத் தாள்.

"வேண்டாம், செய்வோம்" என்றேன். "சின்னம்மா, கடையிலை இருக்கிற மாதிரி வராட்டி எல்லாரும் சிரிப்பினம்" என்றாள் சிறுமி. ஆயினும் வேலை தொடங்கியதும் அந்த அச்சம் அவளை விட்டு அகன்றது. ஊதிய பலூனைச் சுற்றிச் சணல் நூலை எட்டுப் பகுதியாக இறுக்கிக் கட்டினால், பூசணியின் வரிப்பள்ளங்கள் தாமே உருவாகின்றன. அதன்மேல் பழைய செய்தித்தாட் கீலங்களைக் கோதுமைமாப் பசையில் தோய்த்து மூன்று நான்கு அடுக்கு ஒட்டி, உலர்ந்தபின் வர்ணம் பூசினோம். பழுப்புக் கடதாசிப் பையை முறுக்கியபோது காம்பு கிடைத்தது. அக்காவின் கிழிந்த செம்மஞ்சட் பருத்திச் சேலையை வட்டமாக வெட்டி, விளிம்பில் நூலோட்டி, கந்தல் அடைத்துச் சுருக்கினோம். துணிப் பூசணிகள் ஐந்து பிறந்தன. வீதியிற் பொறுக்கிய இலைகளை உருகிய மெழுகில் தோய்த்து மாலையாகக் கோத்தோம். மெழுகு பூண்ட இலையின் நிறம் விரைவில் மங்குவதில்லை.

இறுதியில் ஓர் உண்மைப் பூசணியையும் வாங்கிச் செதுக்கினோம். அதற்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு. மூடியை நேராக வெட்டாது உட்புறம் சரிவாக வெட்டவேண்டும். இன்றேல் அது சுருங்கியதும் உள்ளே விழுந்துவிடும். விதையையும் நாரையும் அகற்றியபின், முகம் அமையவேண்டிய பக்கத்தை ஓர் அங்குலத் தடிப்பாகும்வரை கரண்டியாற் சுரண்டவேண்டும். முகத்தைக் கடதாசியில் வரைந்து, காயின்மேல் ஒட்டி, ஊசியாற் புள்ளி குத்தி, அப்புள்ளிகளின் வழியே சிறுவாளால் அறுக்கவேண்டும். வெட்டுவாயில் வசலின் பூசினால் ஈரம் விரைவில் வற்றாது. விதைகளைக் கழுவி உலர்த்தி, உப்பும் மிளகாய்த்தூளும் இட்டு அக்கா வறுத்தெடுத்தார்.

வேலையினிடையே சிறுமி கேட்ட கேள்விகளுக்கு விடை தேடியபோதுதான் இத்திருநாளின் வரலாறு என்னை ஈர்த்தது. அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் வாழ்ந்த கெல்த்திய மக்கள், அறுவடை முடிந்து மாரி தொடங்கும் நாளைச் சௌவின் என்ற பெயரிற் கொண்டாடினர். மேட்டுநில மேய்ச்சலிலிருந்து மந்தைகள் வீடு திரும்பும் காலம் அது. இறந்தோரும் அவ்விரவில் வீடு திரும்புவர் என நம்பினர். பின்னர் கிறித்தவ சமயம் நவம்பர் 1ஐச் சகல புனிதர்களுக்கும், நவம்பர் 2ஐ இறந்த ஆன்மாக்களுக்கும் உரியதாக்கியது. மன்னாரிலும் பிற கத்தோலிக்க ஊர்களிலும் நம் மக்கள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுவதும் அந்த இரண்டாம் நாளிலேயே. மத்திய காலத்தில் ஏழைகள் அந்நாட்களில் வீடுவீடாகச் சென்று, இறந்தோருக்காகச் செபிப்பதாகக் கூறி அப்பம் பெற்றனர். இன்று சிறுவர் வேடமணிந்து இனிப்புக் கேட்கும் வழக்கத்தின் பின்னே அப்பசித்த மனிதரின் காலடி கேட்கின்றது.

அக்காலத்து விளக்குக்குப் பூசணி கிடையாது. அயர்லாந்தின் உழவர் டேர்னிப் என்னும் கடினமான கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே கனல் வைத்தனர். டொனிகோல் மாவட்டத்து ஃபின்டவுன் கிராமத்தில் உருவான அத்தகைய விளக்கொன்றை 1943இல் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் தேசிய அருங்காட்சியகத்துக்கு வழங்கினார். இவ்வகை விளக்கை இப்போது யாரும் செய்வதில்லை, நினைவு மட்டுமே எஞ்சியிருக்கின்றது என்பதே அவர் கூறிய காரணம். அக்கிழங்கு சிதையத் தொடங்கியதால் அருங்காட்சியகத்தார் அதற்குச் சாந்து வார்ப்பு எடுத்தனர். இன்று அவ்வார்ப்பைக் காண்போர், குழிந்த கண்ணும் பல்லுமாக நம்மை நோக்கும் ஓர் ஏழை உழவனின் கற்பனையைக் காண்கின்றனர். எந்த அரசனும் செய்வித்த சிற்பமன்று அது; அதனைக் காத்ததும் ஒரு கிராமத்து ஆசிரியையின் பொறுப்புணர்ச்சியே.

1845 முதல் 1852 வரை அயர்லாந்தை வாட்டிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்குக் குறையாத தொகையினர் நாட்டை விட்டு நீங்கினர். மக்கள் பட்டினி கிடந்த அதே ஆண்டுகளில் அந்நாட்டிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்கு ஏற்றுமதியாயின. கப்பலேறிய ஏழைகளிடம் இருந்த செல்வம் அவர்களது வழக்கங்களே. அமெரிக்கக் கரையில், டேர்னிப்பிலும் மென்மையானதும் தன்னியல்பிலேயே உள்ளே குடைவுள்ளதுமான பூசணி அவர்கள் கைக்கு எட்டியது. அப்பூசணியோ அம்மண்ணின் பழங்குடி மக்களது ஆக்கம். மெக்சிக்கோவின் ஓஹாக்கா பகுதிக் குகையொன்றிற் கிடைத்த பயிர்ப்பூசணி விதைகள் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுப் பழமை உடையவை. நம் தோட்டத்துச் சர்க்கரைப் பூசணியும் அக்கண்டத்திலிருந்து ஐரோப்பியரின் கப்பல் வழியே வந்ததே. தமிழகத்தில் அதனைப் பறங்கிக்காய் என வழங்குவர்; அதன் பயண வரலாறு பெயரிலேயே பதிந்திருக்கின்றது. ஆகவே, "இது எங்களுடையதா?" என்ற அத்தானின் கேள்விக்குப் பூசணிக்காயே விடை சொல்லிவிடுகின்றது. நாம் கறியாக்கி உண்பதும் ஒருகாலத்தில் நம்முடையதாக இருக்கவில்லை.

இவற்றைச் சிறுமிக்குச் சொன்னபோது, "அப்ப, செத்துப்போன ஆக்களுக்குத்தான் விளக்கோ?" என்று கேட்டாள். ஒருகாலத்தில் அப்படித்தான் என்றேன். "நாங்கள் ஆருக்கு ஏத்துறது?" என்றாள். வேலைக்குப் புறப்பட்டு நின்ற அக்கா வாயிற்படியில் நின்றுவிட்டார். 2009ஆம் ஆண்டு வன்னியில் எங்கள் தம்பி இறந்தான். அவனுக்குக் கல்லறை இல்லை. "உன்ரை மாமாவுக்கு ஏத்து, பிள்ளை" என்றார் அக்கா. சிறுமி பூசணிக்குள் மெழுகுதிரியை வைத்தாள். தீக்குச்சியைக் கிழித்துக் கொடுத்தவர் அத்தான். அன்றிரவின் பின் அவர் அதனைப் பேய்முகம் என்று சொல்லவில்லை.

இவ்வாறு கூறுவதால் அந்நாட்டுப் பூசணி வணிகத்தை நான் புகழ்வதாக எண்ணவேண்டா. ஒன்ராறியோத் தோட்டங்களில் மரக்கறியும் பழமும் பறிக்க, 1966இல் ஜமைக்காவிலிருந்தும் 1974இல் மெக்சிக்கோவிலிருந்தும் பருவகாலத் தொழிலாளரை வருவிக்கும் திட்டம் தொடங்கிற்று. அது இன்றும் நடைபெறுகின்றது. ஆண்டுதோறும் மாதக்கணக்கில் மனைவி மக்களைப் பிரிந்து அவர்கள் உழைக்கின்றனர். பயிர் முடிந்ததும் அவர்கள் ஊர் திரும்பவேண்டும். டேர்னிப்புக்கு முகம் வெட்டிய மக்களின் வழித்தோன்றல்களும் ஒருநாள் இவ்வாறே வந்தவர்கள்தாம் என்பதை அழகிய வாயில்கள் நமக்கு உணர்த்துவதில்லை.

இன்னொன்றும் உண்டு. செதுக்குதற்கென வளர்க்கப்படும் இனங்கள் நிறத்துக்கும் வடிவுக்கும் பிடியான காம்புக்குமே தேர்ந்தெடுக்கப்பட்டவை. அவற்றின் சதை நாரும் நீருமாக இருக்கும். நிலமும் நீரும் உழைப்பும் கொண்டு விளைந்த உணவுப் பயிர், உண்ணப்படாமலே சில நாட்களில் அழுகிக் குப்பைக்குச் செல்கின்றது. குப்பைமேட்டில் காற்றின்றி மக்கி மீதேன் வாயுவை வெளியிடுகின்றது. இதற்கும் மக்கள் மாற்று வழி கண்டுள்ளனர். ரொறன்ரோவின் சொரோரன் பூங்காவில், 2004 முதல், நவம்பர் 1ஆம் நாள் மாலை அயலவர் தம் பூசணி விளக்குகளைக் கொணர்ந்து பாதையோரம் வரிசையாக ஏற்றுகின்றனர். பின்னர் அவை திரட்டப்பட்டு உரமாகின்றன. வீட்டு வாயிலின் தனியழகு ஓர் இரவில் ஊரின் பொதுவழகாகி, மறுபடி மண்ணுக்குத் திரும்புகின்றது. நாங்களும் எங்கள் பூசணியை உரக்குழிக்கே கொடுத்தோம். கடதாசிப் பூசணியும் துணிப் பூசணிகளும் அடுத்த ஆண்டுக்கெனப் பெட்டிக்குட் சென்றன. சிறுமியின் பள்ளித் தோழியர் இருவர் தமக்கும் செய்யக் கற்றுத்தருமாறு கேட்டு வந்தனர். பசை காய்ச்சும் அளவை அவளே அவர்களுக்குச் சொன்னாள்.

ஆசிரியத் தோழர்களே! மாணவர் கையிலிருந்து ஆக்கும் தொழிலைப் பறித்து, வாங்கும் தொழிலை மட்டும் கொடுத்துவருகின்றது சந்தை. நம் நாட்டில் வெசாக் வெளிச்சக்கூட்டுக்கு மூங்கில் வளைக்கவும், கொக்குப் பட்டத்துக்கு நூல் கட்டவும், ஓலையிற் கிலுகிலுப்பை பின்னவும் தெரிந்த முதியோர் இன்னும் நம் ஊர்களில் வாழ்கின்றனர். ஃபின்டவுன் ஆசிரியை தம் விளக்கைக் கொண்டுசென்றபோது அதனைச் செய்பவர் எவரும் எஞ்சியிருக்கவில்லை. நமக்கோ காலம் இருக்கின்றது. அடுத்த தவணையில் ஒவ்வொரு மாணவரும் தம் ஊர் முதியவர் ஒருவரிடம் ஒரு பொருளைச் செய்யக் கற்று, செய்முறையை எழுதி, செய்த பொருளையும் வகுப்புக்குக் கொண்டுவரட்டும். அதற்கு அருங்காட்சியகம் தேவையில்லை. வகுப்பறையின் பின்சுவரில் ஒரு தட்டு இருந்தாற் போதும்.